லில்லிக் கிழங்கும் நம்மூர் இரட்டை மழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலையுதிர் காலத்தில் பூக்கும் லில்லிக் கிழங்குகளை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தோம். படங்கள் அழகு. ஆனால் சொல்லப்பட்ட முறை குளிர்நாட்டுத் தோட்டத்துக்கு உரியது. அதை அப்படியே கன்னியாகுமரி மாவட்டத்தில் செய்தால் ஐப்பசியில் பூ வராது, ஆடி மழையிலேயே கிழங்கு அழுகிப் போகும். ஏன் அப்படி, அதற்குப் பதிலாக எதை எப்படி நடலாம் என்று எழுதத்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளவும்.

முதலில், நமக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. குலசேகரம் பக்கத்து ரப்பர் மரங்கள் இலை கொட்டுவதுகூட மார்கழி, தை மாதங்களில்தான். குறிப்பில் சொன்ன செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலம் நமக்குப் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. கன்னிப்பூ என்ற முதல் போக நெல்லை அறுத்து, வயலை உழுது, கும்பப்பூ என்ற இரண்டாம் போகத்தை நடுகிற காலம். தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையைத்தான் பெரிதாக நம்பியிருக்கின்றன. நமக்கு ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசியில் வரும் வடகிழக்கு மழையும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஆவணிப் பாதியிலிருந்து புரட்டாசிக் கடைசி வரை வானம் கொஞ்சம் ஓய்கிறது. லில்லிக் கிழங்கு வளர்ப்பவருக்கு இந்த ஓய்வுதான் கைமுதல். ஆண்டு முழுவதும் அடைமழையாக இருந்தால் இந்தக் கிழங்குகளில் பாதிக்குப் பூக்கத் தோன்றாது.

குறிப்பில் முதலிடம் பெற்றிருந்தது லைக்கோரிஸ் என்ற சிவப்புச் சிலந்தி லில்லி. சீனா, கொரியா, ஜப்பான் பகுதிச் செடி. இலையே இல்லாமல் மண்ணிலிருந்து தண்டு மட்டும் எழும்பி, உச்சியில் சிவப்பாக விரியும். பூ முடிந்த பிறகுதான் இலை வரும். அந்த இலை குளிர்காலம் முழுக்க வெயில் தின்று கிழங்கை நிரப்பி, கோடை தொடங்கும்போது காய்ந்துவிடும். அப்படி நிரம்பிய கிழங்குதான் அடுத்த ஆண்டு பூக்கும். நாகர்கோவிலில் மார்கழி இரவுகூடப் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. குளிர் எதிர்பார்க்கும் இலைக்கு இது ஒத்துக்கொள்வதில்லை. கிழங்கு தூங்க வேண்டிய ஆனி, ஆடியிலோ மேலே மழை கொட்டுகிறது. அமரில்லிஸ் பெல்லடோனாவின் சங்கதியும் இதுதான். அதன் ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. அங்கே குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி, நமக்கு நேர் எதிர். மஞ்சள் பூப் பூக்கும் ஸ்டெர்ன்பெர்கியா மத்தியதரைக் கடலோரத்துச் செடி, அதற்கும் கோடையில் காய்ந்த தூக்கம் வேண்டும். நெரைன் வகையில் சில கோடை மழையைத் தாங்கும். ஆனால் அவற்றுக்குக் குளிர்ந்த ஓய்வு வேண்டும், அதுவும் நம்மிடம் இல்லை.

இதில் ஆளை ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து தபாலில் வரும் கிழங்குக்குள் அந்த ஆண்டுக்கான பூமொட்டு ஏற்கெனவே உருவாகியிருக்கும். அதனால் முதல் ஆண்டு ஒரு தண்டு வந்து பூத்துவிடும். ‘நம்ம ஊரிலும் வருதே’ என்று ஆசைப்பட்டு இன்னும் பத்துக் கிழங்கு வாங்குவோம். இரண்டாம் ஆண்டு இலை மட்டும், மூன்றாம் ஆண்டு வெறும் சட்டி. முதல் ஆண்டுப் பூ விற்றவர் தோட்டத்து உழைப்பு, நம் மண்ணின் சம்பாத்தியம் இல்லை.

இணையத்தில் ‘அமரில்லிஸ்’ என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் ஹிப்பியாஸ்ட்ரம் என்ற வேறொரு செடி. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. பூத்தண்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே குழல் போல வெற்றாக இருக்கும், பெல்லடோனாவின் தண்டு உள்ளே நிறைந்திருக்கும். ஹிப்பியாஸ்ட்ரம் நம்மூரில் நன்றாக வளரும், ஆனால் அது மாசி முதல் சித்திரை வரை பூக்கிற சாதி. அதை வாங்கி வைத்துக்கொண்டு ஐப்பசியில் பூவுக்குக் காத்திருப்பவர்கள் செடியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி நமக்கு ஒத்துவருகிறவை. மழை லில்லி, கிரைனம் எனப்படும் விஷமூங்கில் வகை, கார்த்திகைப் பூ என்ற செங்காந்தள், இந்த மூன்றும் போதும். மூன்றில் முதல்முறை வளர்ப்பவர்க்கு ஏற்றது மழை லில்லிதான்.

மழை லில்லியின் தாவரப் பெயர் ஜெஃபிராந்தஸ். அமெரிக்கக் கண்டத்துச் செடி, ஆனாலும் நம்மூர் வீட்டு முற்றங்களுக்கு எப்போதோ பழகிவிட்டது. நாற்றுப் பண்ணைகளில் நான்கு வகை கிடைக்கும். வெள்ளைப் பூவும் உள்ளித்தாள் (வெங்காயத்தாள்) போன்ற ஒல்லி இலையும் கொண்டது கேண்டிடா. மற்றவை மழைக்காலம் முழுக்க விட்டு விட்டுப் பூக்க, இது ஆவணிக்கு மேல்தான் முழுதாகப் பூக்கும். இலையுதிர்காலப் பூ என்று உண்மையில் சொல்லத்தக்கது இதுதான். சின்ன இளஞ்சிவப்புப் பூ ரோசியா. உள்ளங்கை அளவு பெரிய இளஞ்சிவப்புப் பூ கேரினாட்டா, பழைய ஆட்கள் கிராண்டிஃபுளோரா என்பார்கள். மஞ்சள் பூ சிட்ரினா, விதை நிறையக் கட்டி முற்றம் முழுவதும் பரவும். புதிதாகத் தொடங்குகிறவர் கேண்டிடாவும் ரோசியாவும் வாங்கினால் போதும். கேரினாட்டா கண்ணைப் பறிக்கும், ஆனால் மழை நீர் தேங்கினால் முதலில் அழுகுவதும் அதுவே.

கலவை விஷயத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இப்போது எந்தச் செடிக்கும் பாதிச் சட்டிக்குத் தென்னை நார்க்கழிவு போடுவது வழக்கமாகிவிட்டது. வறண்ட ஊர்களுக்கு அது சரி. இரண்டு மழை பெய்கிற ஊரில் நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாது. தும்பு (தேங்காய் நார்) மில்லிலிருந்து அப்படியே அள்ளி வந்ததாக இருந்தால் உப்பும் கறையும் சேர்ந்து வேரைக் கருக்கும். மழை லில்லிக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு நன்றாக மக்கிக் காய்ந்த சாணி எரு. நார்க்கழிவு வேண்டுமானால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் மூன்று நான்கு முறை தண்ணீர் மாற்றி அலசியது. ஆற்று மணல் கிடைக்காத இடத்தில் கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் போடலாம், ஆனால் அதிலுள்ள பொடியைத் தண்ணீரில் கழுவிவிட்டுப் போட வேண்டும். பொடியோடு போட்டால் மழையில் சிமென்ட் தரை போல இறுகும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்.

சட்டி 25 செ.மீ. அகலம், 15 முதல் 20 செ.மீ. ஆழம் இருந்தால் போதும். அகலம்தான் முக்கியம். அடியில் விரல் நுழையும் அளவு துளை மூன்றாவது வேண்டும். ஒவ்வொரு துளை மேலும் ஓர் ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைத்தால் மண் ஓடாது. சட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சல்லி நிரப்பினால் தண்ணீர் வடியும் என்பது பலருக்கும் உள்ள நம்பிக்கை. உண்மையில் மண் முழுதாக நனைந்து நிரம்பும் வரை தண்ணீர் சல்லிக்குள் இறங்காது. சல்லிக்கு மேலேயே ஓர் ஈரப் படலம் நிற்கும். கிழங்கின் வேர் அந்தப் படலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சல்லி போட்ட உயரத்துக்கும் சேர்த்துக் கலவை போடுவதே மேல்.

ஒரு சட்டிக்கு 12 முதல் 15 கிழங்கு. கிழங்குக்குக் கிழங்கு இரண்டு விரல் இடைவெளி. 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில், கழுத்து மண்மட்டத்தில் தெரிகிற மாதிரி நட வேண்டும். ஒற்றைக் கிழங்கைப் பெரிய சட்டியில் வைத்தால் அது பிள்ளைக் கிழங்கு விடுவதிலேயே காலத்தைக் கழிக்கும், பூக்காது. நெருக்கமாக இருந்தால்தான் மழை லில்லிக்குப் பூக்கிற புத்தி வரும். அதனால் ஆண்டுதோறும் பிரித்து நடுவதும் தவறு. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, சட்டி வாய் பிதுங்கும்போது பிரித்தால் போதும். பிரித்த ஆண்டில் பூ குறையும், பயப்பட வேண்டாம். வெயில் நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேரடியாக வேண்டும். தென்னந்தோப்புக்குள் வைத்தால் இலை நீளும், பூ குறையும்.

தரையில் நடுகிறவர்கள் மண்வாகைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் தென்மேற்கு மழை குறைவு, காற்று அதிகம். அங்கே தரைமட்டப் பாத்தி போதும். கல்குளம், விளவங்கோடு பக்கம் ஆனி, ஆடியில் தண்ணீர் நின்றுவிடும். அங்கே 15 முதல் 20 செ.மீ. உயர்த்திய மேட்டுப் பாத்தி இல்லாமல் நடக்கூடாது. விளையின் (மேட்டு நிலத் தோட்டத்தின்) ஓரத்தில், தண்ணீர் ஓடுகிற சரிவில் நடுவது இன்னும் நல்லது.

இப்போது பூக்கவைக்கிற சூட்சுமம். மழை லில்லிக்குப் பூமொட்டு கிழங்குக்குள்ளேயே தயாராக இருக்கும். நன்றாகக் காய்ந்து, பிறகு திடீரென்று நன்றாக நனைந்தால்தான் அது மேலே வரும். தினமும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறவர் வீட்டில் இலை மட்டும் செழித்து நிற்பதன் காரணம் இதுதான். செடி ஒரு நாளும் வாடவில்லை, ஆகவே ஒரு நாளும் விழித்துக்கொள்ளவும் இல்லை. சட்டிகளை ஆவணிப் பாதியில், அதாவது செப்டம்பர் முதல் வாரத்தில், மழை படாத ஆனால் வெளிச்சம் உள்ள தாழ்வாரத்துக்கோ சன்ஷேடுக்குக் கீழேயோ நகர்த்திவிட வேண்டும். தண்ணீரை நிறுத்த வேண்டும். ரோசியா, சிட்ரினா, கேரினாட்டாவுக்கு நான்கு முதல் ஐந்து வாரம். இலை மஞ்சளித்துச் சரியும், சரியட்டும். கிழங்கைத் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேண்டிடா எப்போதும் பச்சையாக இருக்கிற சாதி, அதை இவ்வளவு நாள் பட்டினி போட்டால் பலவீனப்படும். இரண்டு, அதிகம் போனால் மூன்று வாரம்.

ஐப்பசி முதல் மழை கண்டதும் சட்டியை முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த மழை வலுவாக இல்லாவிட்டால் வாளியில் தண்ணீர் நிரப்பிச் சட்டியைக் கழுத்தளவு இறக்கி, குமிழி நிற்கும் வரை அரைமணி நேரம் வைத்து எடுத்து வடியவிட வேண்டும். மொட்டை மாடியிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் நல்லது. கடலோர ஊர்களில் சில கிணற்றுத் தண்ணீரில் உப்பு உண்டு. அது இலை நுனியைக் கருக்குவதோடு மண்ணிலும் தங்கிவிடும். நனைத்த பிறகு மூன்று நாள் கைவைக்காமல் விட்டால், நாலாவது நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மொட்டுத் தலை நீட்டும். ஒரு பூ ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும், ஆனால் சட்டியில் பதினைந்து கிழங்கு இருப்பதால் ஒரு வாரம் பார்க்கலாம். மழை ஒரு பத்துப் பதினைந்து நாள் ஓய்ந்தால் சட்டி தானே காய்ந்து, அடுத்த மழைக்கு இரண்டாம் கொத்து வரும். மழை விடாமல் பெய்தால் அந்த இரண்டாம் கொத்தை மறந்துவிடலாம்.

உரம் குறைவாகத்தான். பூ முடிந்து இலை தழைக்கும் கார்த்திகையில் ஒரு சட்டிக்கு ஒரு தேக்கரண்டி எலும்புத்தூளும் அரைக் கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் மேல்மண்ணில் கிளறிவிட்டால் போதும். தொழுவத்துக் கோமயம், யூரியா, மீன் கழிவுத் தண்ணீர் என்று தழைச்சத்து அதிகமானதை ஊற்றினால் இலை முழங்கால் வரை வரும், பூ வராது.

விதையிலிருந்தும் வளர்க்கலாம். பூ வாடி மூன்று வாரத்துக்குள் மூன்று அறைக் காய் வெடித்துக் கருப்பான, தாள் போன்ற விதை கொட்டும். அன்றைக்கே விதைத்துவிட வேண்டும், பொட்டலம் கட்டி வைத்தால் முளைப்பு போய்விடும். முளைத்த செடி பூக்க ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு ஆகும்.

கிரைனத்துக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. விஷமூங்கில் நம் கடலோரத்துக்குப் பழக்கமான செடி. பருத்த கிழங்கு, ஒரு மீட்டர் நீள இலை, மாலையில் விரிந்து இரவெல்லாம் மணக்கும் வெள்ளைப் பூக்கொத்து. வெள்ளையில் செங்கோடு ஓடுகிற வகைகளும் உண்டு. சட்டிக்கு ஏற்றதல்ல. தரையில் செடிக்குச் செடி முக்கால் மீட்டராவது விட்டு, கிழங்கின் மேல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரிய நட வேண்டும். முழுக்கப் புதைத்தால் கழுத்தில் தண்ணீர் தங்கி அழுகும். நட்ட இடத்தை மாற்றக்கூடாது. பிடுங்கி நட்டால் கோபித்துக்கொண்டு ஓர் ஆண்டு, சில சமயம் இரண்டு ஆண்டு பூக்காது. அதன் விதை நெல்லிக்காய் போலச் சதைப்பற்றானது. மண்ணே இல்லாமல் சன்னல் திட்டில் வைத்தாலும் முளைவிடும், ஆனால் அந்தச் செடி பூக்க மூன்று ஆண்டாவது பொறுக்க வேண்டும்.

செங்காந்தளைப் பற்றி நாளிதழ்க் குறிப்பு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அது தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப் பூ என்ற பெயரிலேயே பூக்கும் காலம் இருக்கிறது. தாவர நூலார் கணக்கில் அது லில்லிக் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது, அதன் அடியில் இருப்பதும் வெங்காயம் போன்ற கிழங்கு அல்ல, கலப்பை வடிவத்தில் இரண்டு கை விரித்த கிழங்கு. இருந்தாலும் ஐப்பசித் தோட்டத்தில் அதற்கு ஈடு இல்லை. பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளாக ஆக ஆரஞ்சாகி, கடைசியில் இரத்தச் சிவப்பாகும். ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒரே நேரத்தில் நிற்கும்.

கிழங்கு ஒவ்வொன்றும் 50 முதல் 60 கிராம் இருப்பது நல்லது. சிறியதை நட்டால் முதல் ஆண்டு கொடி மட்டும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கை வீண். மரச்சீனி என்ற மரவள்ளிக் கம்பை வெட்டுகிற மாதிரி நடுவில் எங்கேயாவது வெட்டி நட்டால் முளைக்காது. இரண்டு கை சேரும் முனையில் மட்டும் பிரிக்கலாம். நடுவதற்கு முன் அழுகல் பூஞ்சாணத்தை அடக்கும் பாக்டீரியாத் தூளான சூடோமோனாஸை லிட்டருக்கு 10 கிராம் கரைத்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால் அழுகல் குறையும். ஆனிக் கடைசியிலிருந்து ஆடிப் பாதிக்குள், மேட்டுப் பாத்தியில், கிழங்கைப் படுக்கவைத்து 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் நட வேண்டும். முளைத்து இரண்டு, இரண்டரை மாதத்தில் பூவெடுக்கும். சட்டி என்றால் 35 செ.மீ. ஆழத்துக்குக் குறையக்கூடாது.

பந்தல் விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு எதையாவது பிடித்துக்கொள்ளும். அந்த நுனியால் பென்சில் கனத்துக்கு மேல் உள்ளதைச் சுற்ற முடியாது. மூங்கில் கழி ஊன்றிவிட்டு ஏன் ஏறவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. சுள்ளிக் குச்சி, மீன்வலைத் துண்டு, மெல்லிய கயிறு, சீமைக்கொன்றை வேலி, இவை போதும். வணிகப் பயிராக வளர்க்கும் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்து விவசாயிகள் கிளுவை வேலியில் ஏற்றிவிடுவார்கள், அங்கே குறி விதை. விதைக்காக வளர்க்கிறவர்கள் காலையில் கையாலேயே மகரந்தம் சேர்ப்பதும் உண்டு, ஏனென்றால் சூல்தண்டு மகரந்தப்பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். வீட்டுக்காரருக்கு அந்த வேலை தேவையில்லை. காற்றடிக்கும் ஊரில் ஒன்று முக்கியம்: கொடியின் தலைக்கொழுந்து ஒடிந்தால் அந்த ஆண்டுப் பூவில் பெரும்பங்கு போயிற்று. ஆரல்வாய்மொழிக் காற்று படும் வீடுகளில் மதிலின் கிழக்குப் பக்கத்தில் நடுவது நல்லது. மார்கழி, தையில் கொடி காய்ந்ததும் செடி செத்துவிட்டது என்று மண்ணை வேறு செடிக்குக் கொடுத்துவிடாதீர்கள். கிழங்கு கீழே தூங்குகிறது. தோண்டி எடுத்துக் காய்ந்த மணலில் நிழலில் வைக்கலாம், அல்லது தண்ணீர் ஊற்றாமல் அங்கேயே விடலாம்.

மூன்று செடிக்கும் பொதுவான எதிரி ஒரு கம்பளிப்புழு போன்ற புழு. உண்மையில் மயிர் இல்லாதது. கருப்பு உடலில் வெள்ளைப் புள்ளியும் செம்புள்ளியுமாக இருக்கும். அந்துப்பூச்சி இலையடியில் கூட்டமாக முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் கூட்டமாகவே தின்னும், இரண்டே நாளில் இலை மொட்டையாகும், கிரைனத்தில் கழுத்து வழியாகக் கிழங்குக்குள்ளும் இறங்கும் வேறொரு புழுவும் உண்டு. மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்க்கிறவருக்கு மருந்தே தேவையில்லை. முட்டைக் கொத்து உள்ள இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டால் முடிந்தது. பெருகிவிட்டால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற நுண்ணுயிர் மருந்தைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கரைத்து மாலையில் தெளிக்கலாம். அது சின்னப் புழுவுக்குத்தான் கேட்கும், விரல் நீளம் ஆனதைக் கையால் பொறுக்கத்தான் வேண்டும். மழை கழுவிவிட்டால் மறுபடி தெளிக்க வேண்டும். புழு கூட்டுப்புழுவாவது மண்ணுக்குள். ஆகவே மழை விட்டதும் செடியைச் சுற்றி மேல்மண்ணைக் கிளறிவிடுவது அடுத்த தலைமுறையைக் குறைக்கும்.

கிரைனம், ஹிப்பியாஸ்ட்ரம் இலையில் செங்கல் நிறக் கோடும் புள்ளியும் விழுந்தால் அது பூஞ்சாணம். மழைத்துளி தெறித்துப் பரவுகிறது. அந்த இலையை அடியோடு வெட்டி எரித்துவிட்டு, தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் வேரில் ஊற்ற வேண்டும். கிழங்கு அழுகலை இலை மஞ்சளிக்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். கழுத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டினால் நல்ல கிழங்கு அசையாது. ஆடினாலோ புளித்த நாற்றம் வந்தாலோ உடனே தோண்டி, கொழகொழத்த பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் மூன்று நாள் உலர்த்திப் புதுக் கலவையில் நட வேண்டும். வேர் கிளம்பும் அடித்தட்டு வரை அழுகியிருந்தால் முயற்சி வீண்.

கடைசியாக, குறிப்பில் விடுபட்ட மிகப் பெரிய விஷயம், நஞ்சு. இந்த மூன்று செடியும் தின்னக்கூடாதவை. மழை லில்லிக் கிழங்கு பார்வைக்கு அச்சு அசல் உள்ளி, அதாவது சின்ன வெங்காயம். கிரைனமும் அதுவும் லைக்கோரின் என்ற நஞ்சைக் கொண்டவை, தின்றால் கடும் வாந்தி. செங்காந்தள் இவற்றைவிடப் பயங்கரம். அதில் உள்ள கொல்கிசின் உயிரைக் குடிக்கும். கிழங்கில் மட்டும் அல்ல, விதையிலும் இலையிலும் உண்டு. காச்சிலும் சிறுகிழங்கும் சேம்பும் மரச்சீனியும் அன்றாடம் வேகவைத்துத் தின்கிற மாவட்டம் நம்முடையது. தோண்டிய செங்காந்தள் கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரவே கூடாது. மணல் நிரப்பிய டப்பாவில் போட்டு, மேலே பெயரும் நஞ்சு என்ற சொல்லும் பெரிதாக எழுதி, எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சிவந்த விதை தெரிய வெடிக்கும் முன்பே காயைக் கிள்ளிவிட வேண்டும். வெட்டிய கொடியை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடக்கூடாது. யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வயிற்றுவலி வரட்டும் என்று காத்திருக்காமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொல்கிசின் வேலையைக் காட்டப் பல மணி நேரம் ஆகலாம், அதுவரை ஆள் நன்றாக இருப்பது போலத் தோன்றும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டக் குறிப்புகளை வெளியிடும்போது மாதத்தை மட்டும் மொழிபெயர்க்காமல், அந்தச் செடி எந்த மழையில் தூங்கும், எந்த மழையில் விழிக்கும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மலரியல் ஆராய்ச்சி நிலையம் தோவாளையிலும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பேச்சிப்பாறையிலும் இருக்கின்றன. இந்த மண்ணையும் மழையையும் அறிந்தவர்களிடம் கேட்டு எழுதினால் சென்னைக்கு ஒன்று, குமரிக்கு ஒன்று என்று இரண்டு நாட்காட்டி போடலாம். கிழங்கு விற்கும் நாற்றுப் பண்ணைக்காரர்களுக்கும் இதே கடிதத்தின் வழியாக ஒன்று. கவரில் மூன்று வரி அச்சடித்தால் போதும்: செடியின் சரியான தாவரப் பெயர், நம் மாவட்டத்தில் பூக்கும் மாதம், தின்றால் நஞ்சா இல்லையா.

இப்படிக்கு,
பூச்செடி வளர்ப்போர் சிலர்,
நாகர்கோவில்.